மலைப்பாட்டுக்கு உரியவர் யார்?
1927-ஆம் ஆண்டுப் பிரிஸ்டல் ஒலிப்பதிவும் அமெரிக்க நாட்டுப்புற இசையும்

வாய்மொழியாக வழங்கும் பாட்டுக்குப் பிறந்த நாள் இல்லை. வயலிலும் தொட்டிலடியிலும் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்கு வந்த பாட்டைப் பார்த்து, 'உன்னை ஆக்கியவர் யார்?' என்று எவரும் கேட்டதில்லை. ஆயினும், அத்தகைய பாட்டுக்கு உரிமையாளர் ஒருவர் ஏற்பட்ட காலத்தை மட்டும் சில நாடுகளில் ஆண்டும் மாதமும் குறித்துச் சொல்ல முடிகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மலைநாட்டுப் பாடல்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் வரலாற்றில் 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்டு 5 வரை கழிந்த பன்னிரண்டு நாட்கள் பெரிதும் பேசப்படுகின்றன.

ஆங்கிலத்தில் 'கன்ட்ரி மியூசிக்' என வழங்கும் நாட்டுப்புற இசை, அந்நாட்களில் பிரிஸ்டல் என்னும் சிறு நகரத்தில் பிறந்தது என்பர். அமெரிக்கக் காங்கிரசும் 1998-இல் அந்நகரை அவ்விசையின் பிறப்பிடமாக ஏற்றது. அங்கே பிறந்தது என்ன? பாட்டா, வணிகமா, உரிமையா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் மக்களும்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகிய பகுதிகளிலிருந்து வந்த ஏழைக் குடிகள் பலர் அதன் பள்ளத்தாக்குகளில் குடியேறினர். தம் முன்னோரின் கதைப்பாடல்களையும் பிடில் இசையையும் அவர்கள் உடன் கொண்டுவந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்கள் வழியே பாஞ்சோ என்னும் நரம்புக்கருவி வந்தது. இருப்புப்பாதை போடவும் நிலக்கரி வெட்டவும் வந்த கறுப்பினத் தொழிலாளர் தம் சோகப் பாடல்களைத் தந்தனர். கோயில்களிலிருந்து வழிபாட்டுப் பாடல்கள் வந்தன. ஊர்சுற்றும் நாடகக் குழுக்கள் நகரத்தில் அச்சான பாடல்களை மலைக்கு ஏற்றிச் சென்றன. மலைப்பாட்டு என்பது ஒரே ஊற்றிலிருந்து ஓடிவந்த நீர் அன்று. பல ஓடைகள் கலந்த ஆறு.

இதனை முதலில் தேடிச் சென்றவர்கள் புலவர்கள். பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்னும் பேராசிரியர் 305 பழங் கதைப்பாடல்களைப் பாட வேறுபாடுகளுடன் தொகுத்தார்; அத்தொகுதிகள் 1882 முதல் 1898 வரை வெளிவந்தன. ஆங்கிலேயராகிய செசில் ஷார்ப், 1916-க்கும் 1918-க்கும் இடையே மௌட் கார்ப்பிலஸ் அம்மையாருடன் அப்பலாச்சிய மலைகளில் நடந்து திரிந்து, ஏறத்தாழ 1,600 மெட்டுக்களை இசைக்குறிப்பில் எழுதினார். அவரது உழைப்பு போற்றத்தக்கது. ஆனால், அவர் தேடிச் சென்றது பழைய இங்கிலாந்தை. ஆதலால் வழிபாட்டுப் பாடல்களையும், நகரத்திலிருந்து வந்த பாடல்களையும், கறுப்பினத்தாரின் பாடல்களையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார். புலவர் ஒதுக்கியதை எடுத்துக்கொள்ளப் பின்னே வணிகர் வந்தனர்.

இசைத்தட்டு வந்த வழி

1920-களின் தொடக்கத்தில் வானொலி பரவியது. இசைத்தட்டு வாங்குவோர் தொகை குறைந்தது. கம்பெனிகள் புதிய வாடிக்கையாளரைத் தேடின. 1920-இல் ஓக்கே கம்பெனி, மாமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகியின் தட்டு ஒன்றை வெளியிட்டுப் பெரும் விற்பனை கண்டது. அக்கம்பெனியில் பணிபுரிந்தவர் ரால்ஃப் பியர். இவர் மிசூரி மாநிலத்தில் 1892-இல் பிறந்தவர். தந்தையின் கடையில் சிறுவயதிலேயே இசைத்தட்டு விற்றுப் பழகியவர்.

1923 ஜூன் மாதம் பியர் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் அட்லாண்டா நகருக்குச் சென்றார். அங்கே தட்டு வணிகம் நடத்திய போக் பிராக்மன் என்பவர், 'பிடில்காரர்' எனப் பெயர் பெற்ற ஜான் கார்சன் பாடுவதைப் பதிவு செய்யுமாறு வற்புறுத்தினார். கார்சனுடைய குரல் பியருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. விற்பனைக்கு உதவாது என்று எண்ணியவர், பிராக்மனுக்காக மட்டும் 500 தட்டுக்கள் அடித்துக் கொடுத்தார். அவை விரைவில் விற்றுப் போயின. மேலும் மேலும் வேண்டும் என்று கேட்டனர். தம் செவிக்கு இனிக்காத பாட்டு மக்கள் செவிக்கு இனிக்கும் என்னும் பாடத்தைப் பியர் அன்று கற்றார்.

கார்சன் பதிவு செய்தவற்றுள் ஒன்று, மலைக்குடிசையை நினைந்து உருகும் பாட்டு. மக்கள் அதனைத் தம் பாட்டனார் பாட்டாகவே கருதினர். உண்மையில் அதனை 1871-இல் நாடக மேடைக்காக இயற்றியவர் வில் ஹேஸ் என்னும் நகரத்துப் பாடலாசிரியர். பழம்பாட்டு எது, புதுப்பாட்டு எது என்பதில் இத்தகைய மயக்கம் தொடக்கத்திலேயே இருந்தது.

1925-இல் இப்புதிய சரக்குக்கு ஒரு பெயரும் கிடைத்தது. நியூயார்க்கில் பாட வந்த குழு ஒன்றின் தலைவரிடம் குழுவின் பெயர் என்ன என்று பியர் கேட்டார். தாங்கள் வெறும் மலைநாட்டுப் பட்டிக்காட்டார். எந்தப் பெயரானாலும் சரி என்று அவர் கூறினார். 'ஹில் பில்லீஸ்' என்று பியர் எழுதச் செய்தார். ஏளனச் சொல்லாக இருந்தது இசை வகையின் பெயராகிவிட்டது. அமெரிக்க இசை வணிக ஏடான 'பில்போர்டு' 1949-இல் 'கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன்' என்ற பெயரை ஏற்கும் வரையில் அச்சொல்லின் வடு ஆறவில்லை.

கம்பெனிகள் செய்த மற்றொரு பாகுபாடும் கருதத்தக்கது. வெள்ளையர் பாடியவை ஒரு வரிசையிலும், கறுப்பினத்தார் பாடியவை வேறொரு வரிசையிலுமாக விற்பனைப் பட்டியல்கள் அச்சாயின. மலையில் கலந்தே ஒலித்த இசையைப் பட்டியல் இரண்டாகப் பிரித்தது. பிற்காலத்தார் அப்பட்டியலையே வரலாறு என்று எண்ணிக்கொண்டனர்.

சட்டம் கொடுத்த திறவுகோல்

பியருடைய திறமை பாட்டறிவில் இல்லை. சட்ட அறிவில் இருந்தது. 1909-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு பாட்டு இசைத்தட்டில் விற்கும்போது, ஒவ்வொரு படிக்கும் 2 சென்டு அப்பாட்டின் உரிமையாளருக்குச் சேரவேண்டும் என்று விதித்தது. இத்தொகை பாடுவோருக்கு உரியதன்று. பாட்டு எவர் பெயரில் பதிவாகியுள்ளதோ அவருக்கே உரியது.

பியர் ஓக்கே கம்பெனியை விட்டு விக்டர் கம்பெனியை நாடியபோது, தமக்குச் சம்பளமே வேண்டாம் என்றார். தாம் கொண்டுவரும் பாட்டுக்களின் பதிப்புரிமை மட்டும் தமக்கு இருந்தால் போதும் என்றார். கம்பெனியார் மகிழ்ந்து இசைந்தனர். சம்பளத்தை விட்டவர், அதனைப் போலப் பன்மடங்கைப் பின்னாளில் பெற்றார். 1928-இல் அவர் அமைத்த 'சதர்ன் மியூசிக்' என்னும் பதிப்பகம் உலகின் பல நாடுகளில் கிளைவிட்டது.

இவ்வேற்பாடு பாட்டின் போக்கையே மாற்றியது. பிறர் பெயரில் ஏற்கெனவே பதிவான பாட்டைப் பாடினால் பியருக்கு வருவாய் இல்லை. எனவே, சொந்தப் பாட்டு உடையவரையும், உரிமையாளர் அறியப்படாத பழம்பாட்டைச் சிறிது மாற்றிப் புதிதாக்கித் தருவோரையும் அவர் தேடினார். பாடுவோருக்குப் பாட்டொன்றுக்கு 50 டாலர் ரொக்கமும், உரிமைத் தொகையில் ஒரு பங்கும் கொடுத்தார். அக்காலத்தில் பல கம்பெனிகள் ரொக்கம் மட்டும் கொடுத்து மலைவாழ் பாடகரை அனுப்பிவிட்டன; அவர்களை நோக்கப் பியர் நேர்மையானவர் என்றே சொல்லவேண்டும். ஆனால், ஊர்ப் பொதுவாக இருந்த பாட்டை ஒருவர் பெயரில் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை ஊன்றி வளர்த்தவரும் அவரே. இவ்விரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

பன்னிரண்டு நாட்கள்

பிரிஸ்டல் நகரின் நடுவே ஓடுவது ஸ்டேட் வீதி. அதன் ஒரு பக்கம் டென்னசி மாநிலம்; மறு பக்கம் வர்ஜீனியா மாநிலம். டென்னசிப் பக்கத்தில், முன்பு தொப்பிக் கம்பெனி ஒன்று இருந்த கட்டடத்தில், பியர் தம் மனைவியுடனும் பொறியாளர் இருவருடனும் வந்து இறங்கினார். எதிரொலியை அடக்கச் சுவரெங்கும் கம்பளங்கள் தொங்கவிடப்பட்டன. 1925 முதல் வழக்கத்துக்கு வந்திருந்த மின் ஒலிவாங்கி அங்கே பயன்பட்டது. முன்போல் கொம்புக்குழாயின் முன் நின்று உரக்கக் கத்தவேண்டியதில்லை. மெல்லிய குரலும் கிட்டாரின் தனி நரம்பும் தட்டில் தெளிவாகப் பதிந்தன. இக்கருவி இல்லையெனில் பின்வரும் வரலாறு நடந்திராது.

முதல் நாள் பாடியவர் எர்னஸ்ட் ஸ்டோன்மன் என்னும் தச்சர்; 1924 முதலே தட்டுக்களில் பாடி வந்தவர். ஜூலை 27-இல் உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று இவரைப் பற்றி எழுதியது. முந்திய ஆண்டில் இவர் பெற்ற தொகை 3,600 டாலர் என்ற செய்தியைக் கண்டு மலைநாடே வியந்தது. தொலைபேசி ஓயாது ஒலித்தது. அதுவரையில் இசையால் பிழைக்கலாம் என்று கனவிலும் கருதாத மக்கள், புகைவண்டியிலும் குதிரை வண்டியிலும் கால்நடையாகவும் பிரிஸ்டலை நோக்கி வந்தனர்.

அவ்வாறு வந்தவருள் பலதிறத்தாரும் இருந்தனர். கண்ணொளி இழந்த ஆல்ஃபிரட் ரீடு, இரண்டு திங்களுக்கு முன் மேற்கு வர்ஜீனியாவில் நிகழ்ந்த இரயில் விபத்தைத் தாமே பாட்டாகக் கட்டிப் பாடினார். செய்தித்தாளின் வேலையைப் பாட்டு செய்த காலம் அது. எல் வாட்சன் என்பவர் வாய்க்கருவி வாசித்தார். அந்தப் பன்னிரண்டு நாட்களில் அங்கே பதிவான கறுப்பினக் கலைஞர் அவர் ஒருவரே. மொத்தம் 19 குழுவினரும் தனிப்பாடகரும் 76 பாட்டுக்களைப் பதிவு செய்தனர்.

கார்ட்டர் குடும்பம்

ஏறத்தாழ 25 மைல் தொலைவிலிருந்து, ஜூலை 31-ஆம் நாள், பழுதுற்ற மலைப்பாதையில் ஒரு மோட்டார் வண்டி வந்தது. அதில் இருந்தவர் ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சேரா, தம்பி மனைவி மேபெல். வண்டி தம்பியுடையது, அதனை இரவல் பெறுவதற்காக அவர் கொல்லையில் களையெடுத்துத் தருவதாக ஏ. பி. ஒப்புக்கொண்டார் என்பர். சேரா கைக்குழந்தையுடன் வந்திருந்தார். எட்டு வயது மூத்த மகள் அக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள உடன் வந்தாள். மேபெலுக்கு அப்போது வயது 18, நிறைகர்ப்பிணி.

ஆகஸ்டு 1 மாலை மூவரும் நான்கு பாட்டுப் பாடினர். மறுநாள் காலை ஏ. பி. வராமலே பெண்கள் இருவரும் மேலும் இரண்டு பாடினர். சேராவின் குரலைக் கேட்ட அளவிலேயே தமக்கு வேண்டியது கிடைத்துவிட்டதெனப் பியர் உணர்ந்தாராம். அக்குரலில் மெருகு இல்லை. மலைக்கோயிலில் பாடிப் பழகிய நேர்மை இருந்தது. மறுநாள் பாடிய பாட்டொன்று, கன்னிப் பெண்ணின் உரிமையையும் மணமான பெண்ணின் சுமையையும் ஒப்பிட்டுக் காட்டுவது. கைக்குழந்தையுடன் வந்த சேராவுக்கு அப்பாட்டில் விருப்பமில்லை. பியர் கேட்டதால் பாடினார். அதுவே நன்கு விற்றது.

மேபெலின் கைத்திறம் இசை வரலாற்றையே மாற்றியது. அதுவரையில் கிட்டார் பெரும்பாலும் பக்கவாத்தியமாக இருந்தது. அவர் கட்டைவிரலால் தடித்த நரம்புகளில் மெட்டை எடுத்து, மற்ற விரலால் மெல்லிய நரம்புகளில் தாளத்தை வைத்தார். ஒருவரே இருவர் போல வாசித்த இம்முறையைப் பின்வந்த தலைமுறைகள் அனைத்தும் பயின்றன.

கார்ட்டர் குடும்பத்தார் 1928-இல் பதிவு செய்த 'வைல்டுவுட் ஃபிளவர்' என்னும் பாட்டைத் தமிழாசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்கலாம். அதன் மூலம் 1860-இல் அச்சான ஒரு நகரப் பாட்டு. எழுபது ஆண்டு வாய்வழி வந்ததில், மூலத்தில் இருந்த பூவின் பெயர் சிதைந்து, பொருள் விளங்காத வேறு சொல்லாகிவிட்டது. ஏடெழுதுவோர் பிழையால் பாடம் திரிவதை நாம் அறிவோம். இங்கே செவியின் பிழையால் பாடம் திரிந்தது. திரிந்த பாடமே தட்டில் பதிந்து, நிலைபெற்று, இன்று மூலத்தைவிடப் பெயர் பெற்றுவிட்டது. ஓடும் ஆற்றை இசைத்தட்டு ஓரிடத்தில் உறையச் செய்துவிட்டது எனலாம்.

ஜிம்மி ராட்ஜர்ஸ்

ஆகஸ்டு 4-ஆம் நாள் பாடியவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். மிசிசிப்பி மாநிலத்தார், இரயில்வேயில் பணிபுரிந்தவர், 1924-இல் காசநோய் கண்டு அப்பணியை இழந்தவர். ஒரு குழுவுடன் பிரிஸ்டலுக்கு வந்தார். தட்டில் எவர் பெயரை முதலில் போடுவது என்ற பூசலில், பதிவுக்கு முந்திய இரவில் குழு பிரிந்தது. தனியே நின்றவர் இரண்டு பாட்டுப் பாடி 100 டாலர் பெற்றார்.

இருப்புப்பாதையில் கறுப்பினத் தொழிலாளரிடம் கேட்ட சோகப்பாட்டின் அமைப்பும், குரலைச் சட்டென்று உச்சத்துக்குத் தூக்கும் 'யோடல்' முறையும் அவரிடம் இணைந்தன. அவ்வாண்டு நவம்பரில் பதிவு செய்த 'புளூ யோடல்' அவரை நாடறியச் செய்தது. 1930 ஜூலையில் அவருடைய பாட்டு ஒன்றுக்குக் கறுப்பின மேதை லூயி ஆம்ஸ்டிராங் ஊதுகொம்பு வாசித்தார். பட்டியல்கள் எழுப்பிய சுவர் அந்த ஒரு தட்டில் இடிந்தது. 1933 மே மாதம் நியூயார்க்கில் பாட்டுக்குப் பாட்டு கட்டிலில் படுத்து இளைப்பாறியவாறே இறுதிப் பதிவை முடித்தார். இரண்டு நாட்களில், மே 26-இல், 35 வயதில் மறைந்தார்.

அவர் புகழ் சென்ற தொலைவு வியப்பூட்டுவது. 1950-இல் ஹியூ டிரேசி என்னும் ஆய்வாளர் கென்யாவில் கிப்சிகிஸ் இனத்துப் பெண்கள் பாடிய பாட்டொன்றைப் பதிவு செய்தார். அதில் 'செமிரோச்சா' என்று ஒருவன் வருகிறான். பாதி மனிதன், பாதி மான். இசைத்தட்டில் கேட்ட ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பெயரே அவ்வாறு திரிந்திருந்தது. பாட்டை உரிமைப் பதிவேட்டில் அடைத்த பின்னும், அது மீண்டும் வாய்மொழியாகப் பறந்து போயிற்று.

பெயர் எழுதப்படாதவர்

தட்டுக்கு மேல் தட்டு கேட்ட கம்பெனிக்குப் பாட்டு வேண்டியிருந்தது. ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகச் சென்று பாட்டுச் சேகரித்தார். 1928 அளவில் அவருக்குத் துணையாக வாய்த்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிட்டார் கலைஞர்; சிமெண்டு ஆலை விபத்தில் காலிழந்தவர். ஏ. பி. சொற்களை எழுதிக்கொள்வார்; மெட்டை மனத்தில் பதித்துக்கொள்வார் ரிடில். ஒலிப்பதிவு நாடா இல்லாத காலத்தில் அவரே நாடாவாக இருந்தார். மேபெலும் அவரிடம் கைமுறைகள் கற்றார். அவர் தந்த பாட்டுக்களும் ஏ. பி. கார்ட்டர் பெயரிலேயே பதிவாயின. தட்டில் ரிடில் பெயர் இல்லை. 1965-இல் மைக் சீகர் என்னும் இசைக் கலைஞர் தேடிச் சென்று கண்ட பிறகே உலகம் அவரை அறிந்தது.

மற்றொருவர் டிஃபோர்டு பெய்லி. நாஷ்வில் நகரின் டபிள்யு. எஸ். எம். வானொலி நிலையம் 1925-இல் நாட்டுப்புற இசை நிகழ்ச்சி தொடங்கியது. 1927 டிசம்பரில் அதற்குக் 'கிராண்டு ஓல் ஆப்ரி' என்று பெயர் வைத்த இரவில், வாய்க்கருவியில் புகைவண்டி ஓடும் ஒலியை எழுப்பியவர் பெய்லி. 1941-இல் வானொலி நிலையங்களுக்கும் பாட்டு உரிமையாளர் சங்கத்துக்கும் கட்டணத் தகராறு மூண்டது. பெய்லி வாசித்துப் பெயர்பெற்ற பாட்டுக்களை ஒலிபரப்ப இயலாமற் போயிற்று. அவ்வாண்டே அவர் விலக்கப்பட்டார். புதிய பாட்டுக் கற்காத சோம்பேறி என்று நிலையத்தார் கூறினர். பழைய பாட்டையே வாசிக்கச் சொல்லி வந்தவர்கள் அவர்களே என்பது பெய்லியின் மறுமொழி. காலணி மெருகிட்டுப் பிழைத்து 1982-இல் இறந்தார். நாட்டுப்புற இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் 2005-இல்தான் இடம்பெற்றது. 1961-இல் அம்மண்டபத்தின் முதல் மூவருள் ராட்ஜர்ஸ் ஒருவர். கார்ட்டர் குடும்பம் 1970-இல் சேர்ந்தது. பியரும் 1984-இல் சேர்ந்துவிட்டார். இவ்வாண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே கதை விளங்கும்.

எது பிறந்தது?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பாட்டு பிரிஸ்டலில் பிறக்கவில்லை. அது முன்பே இருந்தது. இசைத்தட்டு வணிகமும் அங்கே பிறக்கவில்லை. அட்லாண்டாவில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. மலைப்பாட்டுக்குக் குரல் தந்த மனிதர் இன்னார் என்று நாடு அறிந்துகொண்டதே பிரிஸ்டலில் பிறந்த புதுமை. அதுவரை முகமற்றிருந்த பாட்டுக்குச் சேரா, மேபெல், ராட்ஜர்ஸ் என்னும் முகங்கள் கிடைத்தன. அதே வேளையில், ரிடில் போன்றோர் முகம் மறைக்கப்பட்டது. சில பெயர்களை ஏற்றிய அதே ஏடு சில பெயர்களை நீக்கியது.

இதற்கெல்லாம் பியரைக் குறைகூறி அமைவது எளிது. ஆனால், அவர் வந்திராவிட்டால் சேராவின் குரலை நாம் கேட்டிருக்கமாட்டோம். ஷார்ப்பின் இசைக்குறிப்பில் மெட்டு உண்டு, குரல் இல்லை. பியரும் ஏ. பி. கார்ட்டரும் 1960-ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். முன்னவர் பெருஞ்செல்வர், பின்னவர் தம் மலையூரில் சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர். கார்ட்டரின் பெயரிலும் பிறர் பாட்டுக்கள் இருந்தன என்பதையும் மறத்தல் ஆகாது. ஏழையிடமிருந்து அவனினும் ஏழை இழந்ததும் இவ்வரலாற்றில் உண்டு.

நாட்டுப் பாடல்களைத் தொகுக்கும் ஆர்வம் ஆசிரியரிடையே இன்றும் இருக்கிறது. தொகுப்போர் சொல்லை எழுதுகின்றனர். சிலர் மெட்டையும் பதிவு செய்கின்றனர். பாடியவர் பெயரையும், அவர் அதனை யாரிடம் கேட்டார் என்பதையும், ஊரையும் நாளையும் ஒரு வரியில் எழுதி வைப்பது பெருஞ்சுமை அன்று. பாட்டுக்கு உரியவர் எல்லாரும் எனினும், பாடிக் காத்தவர் சிலரே. அச்சிலர் பெயர் ஏட்டில் ஏறாவிடில், பின்னாளில் வேறு பெயர் ஏறிவிடும். பிரிஸ்டல் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.